20 ரூபாய் விபத்துக் காப்பீடு: எதற்குப் பணம் வரும், எங்கே கையை விரிக்கும்

மே மாதக் கடைசி வாரத்தில் பாஸ்புக்கில் 20 ரூபாய் கழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது எதற்குப் பிடித்தீர்கள் என்று வங்கி கவுண்டரில் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவின் ஓராண்டுப் பிரீமியம். 2015 மே மாதம் தொடங்கிய திட்டம். அப்போது ஆண்டுக்கு 12 ரூபாய், 2022 ஜூன் 1 முதல் 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை, வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் யாரும் சேரலாம். மருத்துவப் பரிசோதனை இல்லை, தொழில் என்ன என்ற கேள்வியும் இல்லை. வெல்டிங் பட்டறையில் நிற்பவருக்கும் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே 20 ரூபாய்தான்.

இந்த விலைக்கு இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் இதை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ, இது அது இல்லை. விபத்து நடந்தால் ஆஸ்பத்திரிச் செலவு வரும் என்று நம்புகிறார்கள். ஒரு பைசா வராது. கால் உடைந்து மூன்று மாதம் வேலைக்குப் போகாவிட்டால் ஏதாவது கிடைக்கும் என்று நம்புகிறார்கள். அதுவும் கிடையாது. கிடைப்பது இவ்வளவுதான்: விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண்ணும் போனால், இரண்டு கையோ இரண்டு காலோ செயலிழந்தால், அல்லது ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ போனால் 2 லட்சம். ஒரு கண் பார்வை மட்டும், அல்லது ஒரு கை, ஒரு கால் மட்டும் முழுதாகப் போனால் 1 லட்சம். இவற்றுக்குக் கீழே எதுவும் இல்லை. மரம் அறுக்கும் மிஷினில் கட்டைவிரல் போன தச்சருக்கு இந்தத் திட்டத்தில் பூஜ்யம். நான்கு விரல் போனாலும், கை செயலிழந்துவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுக்காதவரை பூஜ்யம்தான்.

ஒரே ஆளுக்கு மூன்று வங்கிகளில் 20 ரூபாய் பிடித்தாலும் மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் வராது. கூடுதலாகக் கட்டிய பிரீமியமும் திரும்பாது. கூட்டுக் கணக்கு என்றால் கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக 20 ரூபாய் கட்டிச் சேரலாம். காப்பு ஜூன் 1 முதல் மே 31 வரை. பிரீமியம் எடுக்க வரும்போது கணக்கில் காசு இல்லையென்றால் காப்பு நின்றுவிடும், யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். நூறு நாள் வேலைப் பணம் வந்த அன்றே வழித்தெடுக்கும் கணக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது. மே 20 வாக்கில் நூறு ரூபாயாவது விட்டுவைத்து, ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக்கைப் பதிந்து, அந்த 20 ரூபாய் வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு கிளைமில் முதல் சாட்சி அந்த வரிதான்.

தற்கொலைக்குப் பணம் இல்லை. கொலை செய்யப்பட்டவரின் குடும்பத்துக்கு உண்டு. வெள்ளம், இடி, நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றங்களும் இதில் அடங்கும்.

கூடவே இருக்கும், கவனிக்காமல் விட்ட காப்புகள்

ஜன்தன் கணக்கின் ரூபே கார்டில் விபத்துக் காப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 28-க்குப் பின் தொடங்கிய கணக்குகளுக்கு 2 லட்சம், அதற்கு முந்தியவற்றுக்கு 1 லட்சம். விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த கார்டால் ஒரு பரிவர்த்தனையாவது நடந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் கொக்கி. பீரோவில் பத்திரமாக வைத்திருந்த கார்டுக்கு எதுவும் வராது. மாதம் ஒருமுறை ஏடிஎம்மில் நூறு ரூபாய் எடுத்தால் முடிகிற வேலை.

இன்னொன்று பைக், கார் இன்சூரன்ஸோடு வரும் உரிமையாளர் ஓட்டுநர் காப்பு. 2018 கடைசியில் இதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். 2019 ஜனவரியிலிருந்து தனியாகவும் வாங்கலாம். ஆர்.சி. புத்தகம், பாலிசி, லைசென்ஸ் மூன்றும் ஒரே ஆளின் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் செல்லுபடியாக வேண்டும். அப்பா பெயரில் வண்டி, மகன் ஓட்டுகிறான் என்பது நம்மூரில் சர்வ சாதாரணம். மகனுக்கு விபத்து நடந்தால், இந்த 15 லட்சத்தை நம்பி உட்கார முடியாது. ஒருவரிடம் இரண்டு வண்டி இருந்தால் இரண்டுக்கும் இதைக் கட்ட வேண்டியதில்லை. 15 லட்சத்துக்குக் குறையாத தனிநபர் விபத்து பாலிசி ஏற்கெனவே இருந்தாலும் கட்ட வேண்டியதில்லை. புதுப்பிக்கும்போது ஏஜென்ட் தானாகச் சேர்த்துவிடுவார்; நாம்தான் சொல்லி எடுக்க வேண்டும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காப்பு இருந்தால் ஒன்றில்தான் கேட்க முடியும் என்று சில கிளைகளில் சொல்லி அனுப்புகிறார்கள். அது தவறு. இறப்புக்கும் ஊனத்துக்கும் தரும் தொகை, செலவைத் திருப்பித் தரும் கணக்கில் வராது. சுரக்ஷா பீமாவில் 2 லட்சம், ரூபே கார்டில் 2 லட்சம், தனி பாலிசியில் 10 லட்சம் என்றால் மூன்றிலும் கேட்கலாம். ஆஸ்பத்திரிச் செலவுப் பிரிவுக்கு மட்டும்தான் ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு.

காசு கொடுத்து வாங்குவதென்றால்

சொந்தக் காசில் வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சரல் சுரக்ஷா பீமா. கட்டுப்பாட்டு அமைப்பான ஐஆர்டிஏஐ வாசகங்களை எழுதிக் கொடுத்து, 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த பொது பாலிசி இது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் நிபந்தனை ஒன்றே, விலை மட்டும்தான் மாறும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு விலையை ஒப்பிடலாம். 2.5 லட்சத்திலிருந்து 1 கோடி வரை காப்புத்தொகை. கிளைம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் தொகை 5 சதவீதம் கூடும், 50 சதவீதம் வரை.

இதை 20 ரூபாய்த் திட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவது பகுதி ஊன அட்டவணை. ஏஜென்ட் முதல் பக்கத்தைக் காட்டி "இறந்தால் 10 லட்சம்" என்பார். படிக்க வேண்டிய பக்கம் இந்த அட்டவணைதான். இந்திய விபத்து பாலிசிகளில் வழக்கமாக வரும் கணக்கு இப்படி இருக்கும்: கட்டைவிரல் முழுதும் போனால் 25 சதவீதம், ஒரு கணு மட்டும் என்றால் 10. ஆள்காட்டி விரல் முழுதுக்கும் 10, இரண்டு கணுவுக்கு 8, ஒரு கணுவுக்கு 4. நடுவிரலுக்கு 6, மோதிர விரலுக்கு 5, சுண்டுவிரலுக்கு 4. இரண்டு காதும் கேட்காமல் போனால் 75, ஒரு காதுக்கு 30. ஒரு கண்ணுக்கு 50. அதாவது 10 லட்சம் பாலிசி வைத்திருக்கும் அச்சகத் தொழிலாளிக்குக் கட்டைவிரல் போனால் 2.5 லட்சம். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நசுங்கி எடுத்துவிட்டால் 40,000. எடுத்துவிட்டால் என்பதைக் கவனிக்க வேண்டும். நசுங்கி, தையல் போட்டு, விரல் வளைந்தபடி இருக்கிறது என்றால் அங்கே வாக்குவாதம் தொடங்கும்.

கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் மூன்று பிரிவுகள் உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு வாரம் காப்புத்தொகையில் 0.2 சதவீதம், அதிகபட்சம் 100 வாரம். விபத்தால் ஆன ஆஸ்பத்திரிச் செலவு, காப்புத்தொகையில் 10 சதவீதம் வரை. உயிரிழப்போ முழு ஊனமோ நேர்ந்தால், படிக்கும் பிள்ளைகளுக்குத் தலைக்கு 10 சதவீதம். நாள் கூலிக்காரர், ஓட்டுநர், சொந்தக் கடை நடத்துகிறவர் ஆகியோருக்கு முதல் பிரிவு கட்டாயம் வேண்டும். விபத்தில் சாகிறவர்களைவிட எலும்பு முறிந்து வீட்டில் கிடப்பவர்கள்தான் அதிகம். அதே நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது கொஞ்சம் கஞ்சத்தனமாகவே இருக்கிறது: 10 லட்சம் பாலிசிக்கு வாரம் 2,000 ரூபாய். ஒரு கொத்தனாரின் இரண்டு, மூன்று நாள் கூலி. 20 லட்சமாக எடுத்தால்தான் வாரம் 4,000 வரும். மாதச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் இருக்கிறவர்கள் இந்தப் பிரிவை விட்டுவிட்டு, அந்தக் காசில் காப்புத்தொகையைக் கூட்டிக்கொள்வது நல்லது.

பிரீமியம் வயதைவிடத் தொழிலைப் பொறுத்தது. கணக்கர், ஆசிரியர், வழக்கறிஞர் எல்லாம் முதல் வகை. ஓட்டுநர், கட்டட மேற்பார்வையாளர், மிஷின் வேலைக்காரர்கள் இரண்டாம் வகை. சுரங்கம், உயர் அழுத்த மின்கம்பி வேலை மூன்றாம் வகை. படிவத்தில் "சுயதொழில்" என்று மொட்டையாக எழுதினால் பிரீமியம் குறையும், கிளைம் வரும்போது தலைவலி கூடும். டெம்போ ஓட்டுகிறவர் டெம்போ ஓட்டுநர் என்றே எழுத வேண்டும். நடுவில் தொழில் மாறினாலும் எழுதித் தெரிவிக்க வேண்டும். சொல்லிவிற்கும் இன்னொரு பொய், வருமான வரியில் 80டி கழிவு கிடைக்கும் என்பது. அது மருத்துவக் காப்பீட்டுக்கு. தனி விபத்து பாலிசிக்கு இல்லை.

அஞ்சலக வங்கியின் விபத்துக் காப்பு 2022-ல் 399 ரூபாய்க்கு 10 லட்சம் என்று வந்தபோது கிராமங்களில் நன்றாகப் போனது. பிரீமியமும் திட்டமும் அதன்பின் மாறியிருக்கின்றன. இது குழு பாலிசி என்பதால் கையில் தரும் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே சட்டம். தபால்காரர் வாயால் சொன்னது கணக்கில் வராது.

எது விபத்து?

பாலிசி எல்லாவற்றிலும் வரும் வரையறை: திடீரென்று, எதிர்பாராமல், வெளியிலிருந்து வந்த, கண்ணுக்குத் தெரியும், விசையோடு தாக்கும் காரணத்தால் ஏற்பட்ட காயம். படிக்கச் சாதாரணமாக இருக்கும். கிளைம்கள் சாய்வது இங்கேதான்.

பைக் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சு வலித்து, விழுந்து இறந்தவரின் மனைவி விபத்துப் பலன் கேட்ட வழக்கில், 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மாரடைப்பால் விழுந்தாரா, விழுந்த காயத்தால் மாரடைப்பா என்பதற்குச் சான்று வேண்டும் என்பது அல்கா சுக்லா வழக்கின் சாரம். அதற்கு ஒரு மாதம் முன்னால் வந்த மௌசுமி பட்டாச்சார்ஜி வழக்கில், மொசாம்பிக்கில் கொசு கடித்து மலேரியாவில் இறந்ததை விபத்து என்று ஏற்கவில்லை. மலேரியா சகஜமாக இருக்கும் ஊரில் அது எதிர்பாராதது ஆகாது என்றது நீதிமன்றம். 2021-ல் நர்பதா தேவி வழக்கில், அளவுக்கு மிஞ்சிக் குடித்து மூச்சுத்திணறி இறந்ததும் விபத்தில்லை என்று தீர்ந்தது. பாம்புக் கடி விபத்துதான். பனை, தென்னை மரத்திலிருந்து விழுவது விபத்துதான். மின்சாரம் தாக்குவது, கிணற்றில் தவறி விழுவது எல்லாம் விபத்தே. நிரூபிக்கும் விதம்தான் வேறு.

முதல் 24 மணி நேரத்துக் காகிதங்கள்

கிளைம் ஜெயிப்பதும் தோற்பதும் வங்கியில் படிவம் கொடுக்கும் நாளில் முடிவாவதில்லை. ஆஸ்பத்திரி கேஷுவால்ட்டியில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டில்தான் முடிவாகிறது. ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி என்று ஒரு வரி இருக்கும். "மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்பதற்கும் "தலைசுற்றி மயங்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்பதற்கும் வித்தியாசம் முழுக் காப்புத்தொகை. இரண்டாவதாக எழுதிவிட்டால், நோயால் விழுந்தார், இது விபத்தல்ல என்று கம்பெனி எழுதும். பதற்றத்தில் கூட வந்தவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி, டூட்டி டாக்டர் அதையே எழுதிவிடுகிறார். கண்ணால் பார்த்தவர் பேச வேண்டும், பார்த்ததை மட்டும் பேச வேண்டும். இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் எஃப்.ஐ.ஆருக்கும் ஏ.ஆர். காப்பிக்கும் முரண்பாடு வரும். விசாரணைக்கு வரும் ஆள் முதலில் தேடுவதே அந்த முரண்பாட்டைத்தான்.

"மூச்சில் மது வாடை" என்று எழுதியிருந்தாலும் சிக்கல். போதையில் நடந்த விபத்துக்குப் பணம் இல்லை என்ற விலக்கு தனியார் பாலிசிகளிலும் வாகன பாலிசியிலும் உண்டு. ரத்தப் பரிசோதனை எண் இல்லாமல் வெறும் வாடையை வைத்து மறுத்தால் எதிர்த்துக் கேட்க இடம் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும்.

சாலை, ரயில் விபத்து, நீரில் மூழ்குவது, குற்றச்செயலில் சாவது என்றால் போலீஸில் பதிய வேண்டும். பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு உடனே போன ஆஸ்பத்திரியின் பதிவு காரணத்தைக் காட்ட வேண்டும். இது 20 ரூபாய் சுரக்ஷா பீமா விதியிலேயே இருக்கிறது. கிராமத்தில் தடுக்கி நிற்பது இன்னோர் இடம்: பாம்பு கடித்து வழியிலேயே உயிர் போய்விடும், உடலை அறுக்க வேண்டாம் என்று வீட்டார் எடுத்துப்போய் எரித்துவிடுவார்கள். பிரேத பரிசோதனை செய்யாவிட்டால் இறந்தவருக்கான விபத்துக் கிளைமை வாங்குவது மிக மிகக் கடினம். அந்த நேரத்தில் இதைச் சொல்வது கல்நெஞ்சம்போலத் தெரியும். ஆனாலும் உறவில் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிளைம் போடும் வரிசை

20 ரூபாய் சுரக்ஷா பீமாவுக்குப் பிரீமியம் பிடித்த வங்கிக் கிளையிலேயே போட வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனியைத் தேடி அலைய வேண்டாம். ஜன்சுரக்ஷா இணையதளத்தில் படிவம் தமிழிலும் இருக்கிறது. இறப்பு என்றால் எஃப்.ஐ.ஆர். அல்லது பஞ்சநாமா (சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் அறிக்கை), பிரேத பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம். ஊனம் என்றால் பிரேத பரிசோதனை அறிக்கைக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் பதில் அரசு சிவில் சர்ஜன் தரும் ஊனச் சான்றிதழ். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம். இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிவதில் 2024 ஜூலைக்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று பிரிவு எண் இருக்கும், அதற்குப் பதில் வந்த புதுச் சட்டத்தில் 194. எண் மாறியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

பிரேத பரிசோதனை அறிக்கையில் இறப்புக்கான காரணத்தை எழுதாமல், ரசாயனப் பரிசோதனை முடிவு வரும்வரை கருத்து ஒத்திவைப்பு என்று எழுதியிருந்தால் அது பாதி அறிக்கை. தடய அறிவியல் கூட முடிவு வந்தபின் மருத்துவர் தரும் இறுதிக் கருத்தையும் வாங்கித் தர வேண்டும். கிளைம் மாதக்கணக்கில் தூங்குவதற்கு இதுவே பெரிய காரணம். அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்தக் கூடாது. இருப்பதை வைத்து முதலில் எழுத்தில் தகவல் கொடுத்து, மற்றொரு நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கி வைக்க வேண்டும். விபத்து நடந்த 30 நாளுக்குள் கொடுப்பது நல்லது. 30 நாள் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பினால், தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளைமை மறுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐ 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருப்பதைக் குறிப்பிட்டு, தாமதத்தின் காரணத்தையும் எழுதி, தபாலில் பதிவு செய்து அனுப்பலாம்.

ஊனக் கிளைமில் நடக்கும் கூத்து தனி. மாற்றுத்திறனாளி அட்டையில் "வலது கால், 60 சதவீதம்" என்று இருக்கும். அந்த 60-ஐ வைத்து, 10 லட்சத்தில் 6 லட்சம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். பாலிசி அந்த மொழியில் பேசுவதில்லை. அதற்கு வேண்டியது, குறிப்பிட்ட உறுப்பின் பயன்பாடு முழுமையாகவும் மீள முடியாதபடியும் போய்விட்டதா என்பது. எனவே பாலிசியின் அட்டவணையை நகலெடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், பரிசோதனையில் உள்ளது அந்த வரியோடு பொருந்தினால் அதே சொற்களில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். சிகிச்சை முடிந்து, இனி தேறாது என்ற நிலை வந்தபின் எடுக்கும் சான்றிதழ்தான் நிற்கும். முதல் மாதத்திலேயே எடுத்தால் தற்காலிகம் என்று போட்டுவிடுவார்கள்.

தனி பாலிசியில் இறப்பு, விபத்து நடந்து 12 மாதத்துக்குள் என்றால் ஏற்பார்கள். வாகன பாலிசியின் 15 லட்சத்துக்கு 6 மாதம்தான். நீண்ட நாள் கோமாவில் கிடந்தவர்களின் குடும்பம் இந்தத் தேதிகளைக் கணக்கில் வைக்க வேண்டும்; டிஸ்சார்ஜ் சம்மரி ஒவ்வொன்றும் அந்த விபத்துக் காயத்தோடு தொடர்பைச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

நாமினி பெயர் இல்லையென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் ஒப்புதலோடு கொடுக்க வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பாலிசியில் அம்மா பெயர் நாமினியாக இருந்து, மருமகளும் மாமியாரும் கோர்ட்டுக்குப் போகும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. மாற்றுவதற்கு ஒரு தாள் போதும்.

சிகிச்சைச் செலவுக்கு இந்தக் காப்பீடுகளை நம்ப முடியாது என்பதால், தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்து என்றால் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தை மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் தொடங்கியது. சேர்ந்திருக்கும் அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

மறுத்துவிட்டால்

மறுப்பை வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு ஒரு கடிதம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், கம்பெனிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான கிளைம்களை விசாரிப்பார்கள். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். இடையில் ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிந்து வைக்கலாம். தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், ஆனால் தூங்கும் ஃபைல் எழுந்துகொள்ளும்.

ஆம்பட்ஸ்மேனும் கைவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் காலக்கெடு. ஏ.ஆர். காப்பியில் தலைசுற்றல், மது வாடை போன்ற வரிகளால் மறுத்த கிளைம் என்றால் முதலிலேயே இங்கே வருவது மேல். மருத்துவரையும் நேரில் பார்த்தவரையும் சாட்சியாகக் கொண்டுவந்து குறுக்கு விசாரணை செய்ய ஆம்பட்ஸ்மேனிடம் வழியில்லை. காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தடித்த கிளைம் என்றால் ஆம்பட்ஸ்மேன்தான் சீக்கிரம். எங்கே போனாலும், காலம் கடத்திய நாட்களுக்கு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும்) வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்பதையும் மனுவில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். கேட்காதவர்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை.